குதிரை வாங்கப் போன அமைச்சர்



குதிரை என்றதும் உங்கள் மனத்தில் என்ன வந்து நிற்கிறது? நம் கோலசிலாங்கூர் வட்டாரத்துப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். முனியாண்டி சாமி கோயில் வாசலில் வெள்ளையடித்து, கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிறதே, அந்தச் சிமெண்டுக் குதிரையைத்தான் காட்டுவார்கள். அப்பாமார்களில் சிலருக்குப் பந்தயக் குதிரை ஞாபகம் வரும்; அந்தப் பேச்சு இந்த மலரில் வேண்டாம், அம்மாமார்களும் படிக்கிறார்கள். உயிருள்ள குதிரையைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகள் இந்தப் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் எத்தனை பேர் தேறுவார்கள் என்பது சந்தேகமே.

அந்தக் குதிரைக்காக ஒரு காலத்தில் பாண்டிய நாட்டுக் கருவூலமே கரைந்தது. குதிரை வாங்கி வா என்று பொன்னும் பொருளும் கொடுத்து அனுப்பப்பட்ட அமைச்சர் ஒருவர், குதிரை வாங்காமலே வெறுங்கையோடு திரும்பி வந்தார். மார்கழி விடியற்காலையில் நம் கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை கேட்கிறதே, அதைப் பாடிய மாணிக்கவாசகர்தான் அவர்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தக் கதையை லயத்துத் திண்ணையில்தான் முதன்முதலில் கேட்டேன். சொன்ன தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பரி நரியாகும் இடம் வந்தால் நரி மாதிரியே ஊளையிட்டுக் காட்டுவார். நாங்கள் அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொள்வோம். பிறகு பள்ளிக்கூடத்தில் படித்தபோது, தாத்தா சொன்னதில் அதிகம் பிசகில்லை என்று தெரிந்தது.

மதுரைக்கு வடகிழக்கே, மேலூருக்குப் பக்கத்தில் திருவாதவூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பிறந்ததால் அவருக்கு வாதவூரர் என்று பெயர். மாணிக்கவாசகர் என்பது பின்னால் வந்த பெயர். அவர் வாழ்ந்த காலம் எது என்பதில் அறிஞர்களுக்குள் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. கி.பி. 9ஆம் நூற்றாண்டு என்பவர்களே அதிகம்; அவர் பாடிய திருக்கோவையாரில் வரகுண பாண்டியன் பெயர் வருவதை அவர்கள் சான்றாகக் காட்டுவார்கள். இன்னொரு கூட்டத்தார், 7ஆம் நூற்றாண்டு அப்பர் பெருமானே நரியைக் குதிரையாக்கிய செய்தியைப் பாடிவிட்டாரே, அப்படியானால் வாதவூரர் அவருக்கும் முன்னவர்தானே என்று கேட்பார்கள். வழக்கு அப்படியே இருக்கட்டும். நாம் இங்கே சொல்லப் போகும் வாழ்க்கை, கடவுள் மாமுனிவர் பாடிய திருவாதவூரடிகள் புராணத்திலும், பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்திலும் உள்ளது. திருவிளையாடல் மொத்தம் 64. அதில் 58 முதல் 61 வரை நான்கும் இவர் கதை. 1965இல் வந்த திருவிளையாடல் படத்தைப் பார்த்துவிட்டு, அதில் இதெல்லாம் இல்லையே என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. படத்தில் தருமி உண்டு, ஹேமநாத பாகவதர் உண்டு, குதிரை கிடையாது.

புராணம் வேறு, வரலாறு வேறு. ஆனால் இந்தப் புராணத்துக்கு அடியில் ஒரு வரலாறு கெட்டியாகக் கிடக்கிறது. அதுதான் குதிரை வாணிகம். அதைக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போவோம், வாருங்கள்.

தமிழ்நாட்டு வெயிலும் ஈரமும் நல்ல சாதிக் குதிரைக்கு ஒத்துவருவதில்லை. பரந்த புல்வெளியும் இல்லை. ஆனால் சண்டைக்குக் குதிரை வேண்டும். குதிரைப் படை இல்லாத அரசனைப் பக்கத்து நாட்டான் மதிக்க மாட்டான். ஆகவே கடல் தாண்டித்தான் வாங்க வேண்டியிருந்தது. இது நேற்று முந்தாநாள் வந்த பழக்கமல்ல. காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் கப்பலில் குதிரை வந்து இறங்கியதைச் சங்க நூலான பட்டினப்பாலையே சொல்கிறது.

பிற்காலத்தில், 13ஆம் நூற்றாண்டின் கடைசியில், இத்தாலி தேசத்து மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தார். அவர் எழுதி வைத்ததைப் படித்தால் வயிறு எரியும். பாண்டிய மன்னர் ஐந்து சகோதரர்கள். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000 குதிரை போல வாங்குவார்களாம். ஆண்டு முடியும்போது 100 உயிரோடு இருந்தால் பெரிதாம். காரணம் என்ன? பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. குதிரை வைத்தியம் தெரிந்தவன் இந்தக் கரைக்கு வராமல் விற்கிற வாணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்! போதாக்குறைக்கு, புல் தின்கிற பிராணிக்கு நம்மவர்கள் சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போட்டார்கள் என்றும் எழுதுகிறார். அன்பு இருந்திருக்கிறது, அறிவு இல்லை.

வசாப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் கணக்கையே கொடுக்கிறார். பாரசீக வளைகுடாவில் கீஷ் என்று ஒரு தீவு. அங்கிருந்து ஜமாலுத்தீன் என்ற பெரு வாணிகர் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம். ஒரு குதிரைக்கு விலை 220 செம்பொன் தினார். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நடுக்கடலில் குதிரை செத்துப்போனாலும் பாண்டியன் கருவூலம் முழு விலையையும் கொடுத்துவிட வேண்டும்! ஜமாலுத்தீனின் தம்பி தக்கியுத்தீன் இங்கே பாண்டியனுக்கே அமைச்சராக இருந்தார். விற்பவர் அண்ணன், வாங்கும் அரசனுக்கு அமைச்சர் தம்பி. ஒப்பந்தம் ஏன் அப்படி அமைந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குதிரைகள் வந்த கப்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓர்முசுத் துறைமுகத்துக் கப்பல்களில் இரும்பாணியே கிடையாது, பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருந்தார்கள் என்று மார்க்கோ போலோ சொல்கிறார். சரக்கின் மேல் தோலை விரித்து, அதன் மேல் குதிரைகளை நிறுத்திக் கொண்டுவருவார்களாம். நம் ஜெராம், கோலசிலாங்கூர்க் கரையோரத்துத் தென்னந்தோப்புகளில் தேங்காய் உரித்த பெரியவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் ஒதுக்கிப் போட்ட நார் இருக்கிறதே, அதை நம்பித்தான் அரபுக் கடலைக் குதிரை தாண்டியது.

இவையெல்லாம் வாதவூரருக்குச் சில நூற்றாண்டுகள் பிந்திய செய்திகள். ஆனாலும் அவருடைய தோளில் விழுந்த வேலை எப்படிப்பட்டது என்பதை இவை நமக்குக் காட்டிவிடுகின்றன. சந்தையில் மாடு பிடிக்கிற வேலையில்லை அது.

வாதவூரர் இளம் வயதிலேயே கல்வியில் சிறந்தார். அரிமர்த்தன பாண்டியன் அவரை அழைத்து அமைச்சராக்கி, தென்னவன் பிரமராயன் என்று பட்டமும் கொடுத்தான் என்கிறது புராணம். நாட்டு நிர்வாகம் முழுவதும் அவர் கையில். ஆனால் மனசு மட்டும் அரண்மனையில் ஒட்டவில்லை. தக்க குரு கிடைக்க மாட்டாரா என்ற ஏக்கம் உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் குதிரைக் கொட்டடிக் காவலர்கள் வந்து அரசனிடம் முறையிட்டார்கள். இருந்த குதிரைகளில் பல கிழடு தட்டிவிட்டன, பல நோயில் போய்விட்டன, படைக்கு உதவாது என்றார்கள். கீழைக் கடற்கரையில் நல்ல குதிரைகள் வந்து இறங்கியிருக்கும் சேதியும் வந்தது. அரசன் கருவூலத்தைத் திறந்து, வேண்டிய பொன்னை எடுத்துக்கொண்டு போய் நல்ல குதிரையாகப் பார்த்து வாங்கி வரச் சொன்னான். ஒட்டகத்தில் பொன்னை ஏற்றிக்கொண்டு, படையும் பரிவாரமும் சூழ அமைச்சர் புறப்பட்டார்.

போகிற வழியில் திருப்பெருந்துறை. இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆவுடையார்கோயில் என்று வழங்கும் ஊர் அதுதான். அங்கே ஒரு குருந்த மரத்தடியில் பெரியவர் ஒருவர் சீடர்கள் சூழ உட்கார்ந்திருந்தார். வாதவூரர் பல்லக்கை விட்டு இறங்கினார். கிட்டப் போனார். அவ்வளவுதான். அமைச்சர் போய் அடியவர் ஆனார். பெரியவராக வந்து உட்கார்ந்திருந்தவர் சிவபெருமானே என்பது புராணம். கொண்டுவந்த பொன் முழுவதும் கோயில் திருப்பணிக்கும் அடியார்களுக்கும் செலவானது. கூட வந்த படைவீரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னார்கள். உடனே வரச் சொல்லி அரசன் ஓலை அனுப்பினான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பக்திக் கதை என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தாண்டிப் போய்விடாதீர்கள். நம் ஆலயக் குழுப் பொருளாளரிடம் மண்டபம் கட்டப் பணம் கொடுத்து அனுப்புகிறோம். அவர் அதை வேறொரு புண்ணிய காரியத்துக்குச் செலவழித்துவிட்டு வந்து நிற்கிறார். விடுவோமா? கூட்டம் போட்டுக் கிழித்துவிட மாட்டோமா? அந்தப் பொன் பாண்டிய நாட்டுக் குடியானவன் செலுத்திய வரி. குதிரை வராவிட்டால் எல்லையில் நாடு காக்க நிற்பவனுக்குத்தான் கேடு. என்னைக் கேட்டால், பாண்டியன் கோபித்ததில் தப்பே இல்லை என்பேன். புராணம் எழுதியவர்களும் இதை மூடி மறைக்கவில்லை. அவர் தண்டனை அனுபவித்ததைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கதை இத்தனை காலம் உயிரோடு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வாதவூரர் கலங்கிப் போய்க் குருவிடமே முறையிட்டார். ஆவணி மூலத்தன்று குதிரைகள் வரும் என்று போய்ச் சொல், பயப்படாதே என்று அவருக்கு ஆறுதல் கிடைத்தது. அதையே அரசனிடம் வந்து சொன்னார். அரசனும் நம்பினான். ஆனால் ஒற்றர்கள் கடற்கரை முழுக்க அலசிவிட்டு வந்து, குதிரையுமில்லை, குதிரைக் குளம்புமில்லை என்றார்கள். அமைச்சரைக் காவலர் கையில் ஒப்படைத்தான் அரசன். அவர்கள் வெயிலில் நிறுத்தி வதைத்தார்கள். நேற்றுவரை அவர் முன்னால் கைகட்டி நின்றவர்கள்தான் அவர்கள்!

அப்போதுதான் அந்த அதிசயம். காட்டு நரிகளெல்லாம் குதிரைகளாயின. சிவபெருமானே குதிரை வாணிகன் வேடத்தில் தலைமை தாங்கி, கையில் சவுக்கோடு மதுரைக்குள் வந்தார். புழுதி கிளம்பியது, வீதியெல்லாம் சனங்கள். ஒவ்வொரு குதிரையின் சுழி, நிறம், நடை எல்லாவற்றையும் அரசனுக்கு விளக்கிச் சொன்னார். அரசன் மகிழ்ந்து பட்டாடை கொடுத்தான். வாணிகரோ அதைச் சவுக்கு நுனியால் வாங்கிக்கொண்டார். சபையோருக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

பிறகு கயிறு மாறுதல் நடந்தது. குதிரையின் கயிறு விற்பவன் கையிலிருந்து வாங்குபவன் கைக்கு மாறிவிட்டால் வியாபாரம் முடிந்தது. அதற்குப் பிறகு குதிரைக்கு எது நேர்ந்தாலும் விற்றவன் பொறுப்பில்லை. பரஞ்சோதி முனிவர் இந்தச் சந்தை வழக்கத்தை விடாமல் பிடித்துப் போட்டிருக்கிறார். நம் நாட்டில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி, பெயர் மாற்றிய மறுநாளே அது நின்றுபோய் ஏமாந்தவர்கள் பாண்டியனுடைய நிலையை நன்றாக உணர்வார்கள்.

அன்றிரவு குதிரைகள் அத்தனையும் மறுபடி நரிகளாயின. கொட்டடியில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு, ஊளையிட்டுக்கொண்டு தெருத்தெருவாக ஓடின. விடிந்ததும் பாண்டியன் வாதவூரரை வைகையாற்றின் சுடுமணலில் நிறுத்தினான். வைகை பொங்கிற்று. வெள்ளம் கரையை உடைத்து மதுரைக்குள் வந்தது.

இனி வரும் பகுதியைத் தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்வதில் எனக்குத் தனி ஆசை. கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பறையறைந்தார்கள். ஆற்றங்கரையை அளந்து ஆளுக்கு ஒரு பங்கு ஒதுக்கினார்கள். வந்தி என்று ஒரு பாட்டி. பிட்டு அவித்து விற்றுப் பிழைக்கிறவள். பிள்ளை குட்டி கிடையாது. அவளுக்கும் ஒரு பங்கு விழுந்தது. கிழவி எங்கே மண் சுமப்பாள்? கூலிக்கு ஆளும் கிடைக்கவில்லை. அழுதுகொண்டிருந்தபோது தலையில் சும்மாடும் தோளில் மண்வெட்டியுமாக ஓர் இளைஞன் வந்து, கூலிக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டான். காசு இல்லையப்பா, பிட்டுதான் உண்டு என்றாள். அதுவே போதும் என்றான். உதிர்ந்த பிட்டு அவனுக்கு, உதிராதது பாட்டிக்கு என்று பேச்சு என்றும், அன்று அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்தே போயிற்று என்றும் நம் தாத்தா சேர்த்துச் சொல்வார்.

வந்த ஆள் வேலை செய்த அழகைக் கேளுங்கள். பிட்டைத் தின்றான், பாடினான், ஆடினான், மண்ணைக் கூடையில் அள்ளித் தலையிலிருந்து வேண்டுமென்றே சாய்த்தான், மரத்தடியில் படுத்துத் தூங்கினான். எல்லார் பங்கும் அடைபட, வந்தியின் பங்கு மட்டும் திறந்தே கிடந்தது. நம் கங்காணியாக இருந்தால் பெரட்டுக் களத்திலேயே அரைப்பேர் போட்டிருப்பார். பாண்டியனே நேரில் வந்து பார்த்தான். கையிலிருந்த பொற்பிரம்பால் ஓங்கி ஓர் அடி வைத்தான்.

அந்த அடி கூலிக்காரன் முதுகில் மட்டும் விழவில்லை. அடித்த அரசன் முதுகில் விழுந்தது. அரசி முதுகில், அமைச்சர்கள் முதுகில், சேனை முதுகில், ஊரிலுள்ள ஒவ்வோர் உயிரின் முதுகிலும் விழுந்தது. கூலியாள் ஒரு கூடை மண்ணை உடைப்பில் கொட்டிவிட்டு மறைந்தான். வெள்ளம் அடங்கிற்று.

இந்த இடத்தைத் தாத்தா சொல்லும்போது லயத்தில் யாரும் பேச மாட்டார்கள். பிரம்படி என்றால் என்ன என்று அவருக்கு முந்திய தலைமுறைக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவில் தனித்து வைக்கப்பட்டு, அங்கிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களில் அவர்களும் உண்டு. அரபுக் குதிரை வந்திறங்கிய அதே கீழைக் கரையிலிருந்து ஒரு காலத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கப்பல் புறப்பட்டதை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது. கூலி என்று நம்மை அழைத்த சொல், இந்தக் கதையில் யாரைக் குறிக்கிறது என்று பாருங்கள். மண் சுமந்து கூலி கொண்டதையும் அடிபட்டதையும் மாணிக்கவாசகரே திருவாசகத்தில் பாடி வைத்திருக்கிறார்.

அரசன் உண்மையறிந்து வாதவூரரிடம் வந்தான். மறுபடி பதவி வேண்டாம், போக விடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். பிறகு ஊர் ஊராகப் போனார். உத்தரகோசமங்கையில் பாடினார். திருவண்ணாமலையில், மார்கழி நோன்புக்குப் பெண்கள் விடியலில் ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு போவதைக் கண்டு திருவெம்பாவை பாடினார் என்பார்கள். தில்லையில் ஈழத்துப் பௌத்தரோடு வாதம் நடந்ததும், அந்நாட்டு அரசனின் ஊமை மகள் பேசியதும் அவர் புராணத்தில் உண்டு. கடைசியில் தில்லைக்கே ஓர் அந்தணர் வந்து, அவர் சொல்லச் சொல்லப் பாடல்கள் எல்லாவற்றையும் ஏட்டில் எழுதிக்கொண்டு மறைந்தார். அந்த ஏடு பொன்னம்பலத்துப் படியில் கிடந்தது. பொருள் என்ன என்று தில்லைவாழ் அந்தணர் கேட்டபோது, நடராசப் பெருமானைக் காட்டி, இவரே பொருள் என்று சொல்லிக் கலந்துவிட்டார். ஆனி மகம் அவருடைய குருபூசை நாள்.

குதிரைக்கென்று போன பொன்னில் எழுந்ததாகச் சொல்லும் கோயிலை ஆவுடையார்கோயிலில் இன்றும் பார்க்கலாம். இப்போதுள்ள மண்டபங்கள் பல பிற்காலத்தவை. கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடையார் மட்டுமே. நந்தியும் இல்லை, கொடிமரமும் இல்லை. கல்லை மரப்பலகை போல மெலிதாகச் செதுக்கிய அதன் கொடுங்கையைப் பார்த்துவிட்டு, இதுபோல மட்டும் செய்யச் சொல்லாதீர்கள் என்று சிற்பிகள் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வார்கள் என்று ஒரு வழக்கு உண்டு. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கியதும் பிட்டுக்கு மண் சுமந்ததும் ஆண்டுதோறும் நடக்கின்றன.

திருவாசகம் 51 பதிகங்கள். ஜி.யு. போப் ஐயர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து 1900ஆம் ஆண்டு வெளியிட்டபோது அவருக்கு வயது 80. கிறித்துவப் பாதிரியார் அவர். வயதான காலத்தில் இந்தக் கடும் வேலையை எடுத்துச் செய்து முடித்தார். 2005இல் இளையராஜா அதைச் சிம்பொனி இசையில் அமைத்ததும் உங்களில் பலருக்குத் தெரியும்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுக்கு வடக்கே தாய்லாந்தில், பாங்காக் நகரத்து அரச குலப் பிராமணர்கள் ஆண்டுதோறும் ஒரு சடங்கு நடத்துகிறார்கள். அதன் பெயர் திரியம்பாவாய், திரிபாவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அப்படித் திரிந்தன. அங்கே பெரிய ஊஞ்சல் ஒன்றில் ஆடுவதும் அந்தச் சடங்கின் பகுதியாக இருந்தது; 1935இல் ஊஞ்சலாட்டம் நின்றது. சிவப்புத் தூண்கள் மட்டும் நகர நடுவில் உயர்ந்து நிற்கின்றன. அந்தச் சேதியைத் தமிழுலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திய தனிநாயகம் அடிகள். பாடுகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. எழுத்து கிரந்தம், உச்சரிப்பு மாறி மாறி, நம் காதுக்கே அது தமிழ் என்று சட்டென்று பிடிபடாது. ஆனால் திருவண்ணாமலையில் எழுந்த பாட்டுத்தான் அது. மார்கழி விடியலில் நம் பிள்ளைகள் குளிருக்கு நடுங்கிக்கொண்டு கோயிலில் பாடுவதும் அதே பாட்டுத்தான்.